ஒரு மீற்றர், ரெண்டு குடும்பம்: ஷவரும் கொமட்டும் மாத்தினா தண்ணி பில் உண்மையிலேயே குறையுமா?

வெள்ளவத்தை_கீழ்வீடு

எல்லாருக்கும் வணக்கம். தண்ணி பில் விசயமா கொஞ்சம் ஐடியா வேணும். எங்கட வீடு கொழும்பு வெள்ளவத்தைல, காலி வீதிக்கும் மரைன் ட்ரைவுக்கும் நடுவில ஒரு பழைய மாடி வீடு. கீழ நாங்கள் அஞ்சு பேர், அம்மா அப்பாவையும் சேர்த்து. மேல வாடகைக்கு ஒரு குடும்பம், நாலு பேர். மீற்றர் ஒண்டுதான், பில்லை ஆள்கணக்குப் பாத்துப் பிரிச்சுக் கட்டுறம்.

முந்தி இந்த பில்லை ஆரும் பெரிசா பாக்கிறதில்ல. 2022 செப்டம்பரில ஒருக்கா ஏத்தி, பிறகு 2023 ஆகஸ்டில திரும்ப ஏத்தினாப்பிறகு வீட்டில கரண்ட் பில்லுக்கு அடுத்த சண்டை இதுதான். 2024ல கொஞ்சம் குறைச்சவங்கள்தான், ஆனா எங்கட கைக்கு அது தெரியேல்ல. யுனிட் (ஒண்டு 1000 லீற்றர்) 40ஐத் தாண்டித்தான் நிக்குது. மேல இருக்கிற அக்கா சொல்லுறா நீங்கள்தான் பூக்கண்டுக்கு விடுறீங்கள் எண்டு, அம்மா சொல்லுறா அவையின்ட வோஷிங் மெஷின் ஒவ்வொரு நாளும் ஓடுது எண்டு. நான் நடுவில.

மெல்பன்ல இருக்கிற மச்சாள் ஒராள் சொன்னா, அங்க தண்ணிக் கொம்பனியே பழைய ஷவரை வாங்கிட்டு தண்ணி குறைய விடுற புது ஷவரைச் சும்மா குடுத்தவையாம். அதைக் கேட்டுட்டு நான் போன கிழமை பழைய சோனகத் தெருப் பக்கம் போய் விசாரிச்சன். கடைக்காரர் ஒரு 'வோட்டர் சேவிங்' ஷவரைத் தலையில கட்டப் பாத்தார், காத்தைக் கலந்து தண்ணியைக் குறைக்க பைப் நுனிக்குப் போடுற ஏரியேட்டரும் காட்டினார், முழுசு, அரைவாசி எண்டு ரெண்டு விதமாத் தண்ணி விடுற டூவல் ஃப்ளஷ் கொமட் முழு செட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டு அப்பா கதிரையில இருந்திட்டார். அப்பாவின்ர யோசனை சிஸ்டனுக்குள்ள (கொமட்டின்ர தண்ணித் தொட்டி) ஒரு செங்கல்லை வைச்சா முடிஞ்சுது எண்டு.

கேள்வி இதுதான், ஷவர், ஏரியேட்டர், கொமட் இதில எதுக்கு முதல்ல காசு செலவழிக்கலாம்? மேல் சிலாப்பில ஒரு டாங்கி இருக்கு, கீழ ஒரு சம்ப் (நிலத்துக்குள்ள இருக்கிற தொட்டி), மோட்டர் போட்டு ஏத்துறது. குசினி பைப் மட்டும் டிரெக்ட் லைன். இஞ்சயும் மெல்பன் மாதிரி ஏதும் திட்டம் இருந்தாலும் சொல்லுங்கோ.

பைப்பாஸ்_தெஹிவளை

தம்பி, ஒண்ணும் வாங்காதீங்க. மொதல்ல மீற்றரைப் பாருங்க. நான் இந்த வேலைய ரொம்ப வருஷமா செய்றேன், பில் கூடுதுன்னு கூப்பிடுற வீட்டுல பாதிக்கு மேல லீக்குதான், ஷவர் கிவர் ஒண்ணுமில்ல.

உங்க வீட்டுல சம்ப், மேல் டாங்கி ரெண்டும் இருக்கிறதால ஒரே டெஸ்ட்டுல தெரியாது, ரெண்டு தரம் பாக்கணும். ராத்திரி எல்லாரும் படுக்கப் போற நேரம் சம்ப்பும் மேல் டாங்கியும் நெறைஞ்சு இருக்கணும், மோட்டரை நிப்பாட்டிருங்க, குசினி டிரெக்ட் பைப்பையும் மூடிட்டு மீற்றரைப் போட்டோ எடுங்க. மீற்றர் கண்ணாடிக்குள்ள ஒரு சின்ன முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ இருக்கும், அது ரொம்ப சின்ன ஓட்டத்துக்கும் சுத்தும். எல்லாம் மூடியும் அது சுத்துச்சுன்னா மீற்றர்ல இருந்து சம்ப்புக்கு வர்ற லைன்ல லீக், இல்ல சம்ப் நெறைஞ்சா தானா மூடுற போல் வால்வ் பிடிக்கல, இல்ல சம்ப்பே வெடிச்சு மண்ணுக்குள்ள போகுது. ராத்திரில மெயின் ப்ரெஷர் கூடும், அதனால பகல்ல ஒழுங்கா பிடிக்கிற போல் வால்வ் கூட ராத்திரி பிடிக்காது. பகல்ல பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றவங்க இதுலதான் ஏமாறுறாங்க.

மீற்றர் அசையலன்னா அடுத்தது மேல் டாங்கி. டாங்கிக்குள்ள தண்ணி மட்டத்துல பென்சிலால ஒரு கோடு போட்டுட்டு, வீட்டுல ஒருத்தரும் தண்ணி எடுக்காம விடியக் காலைல பாருங்க. எறங்கியிருந்தா வீட்டுக்குள்ள லீக்குன்னு அர்த்தம். பத்துக்கு ஒம்பது அது கொமட் சிஸ்டன்தான்.

சிஸ்டன் லீக்கைக் கண்டுபிடிக்கிறது லேசு. கேசரிக்குப் போடுற கலர் கொஞ்சம் சிஸ்டன்ல போட்டு கால் மணித்தியாலம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கொமட்டுக்குள்ள கலர் வந்துச்சுன்னா அடி ரப்பர் போச்சு. அந்த ரப்பர் சின்ன காசு. ஆனா அது விடுற தண்ணி? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு லீற்றர் கசிஞ்சாலே ஒரு நாளைக்கு 288 லீற்றர், மாசத்துக்கு எட்டரை யுனிட்டுக்கு மேல. சத்தம் கூட கேக்காது. பைப் நுனில சொட்டு சொட்டா விழுறதத்தான் எல்லாரும் பெரிசா பேசுவாங்க, செக்கனுக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் நாளைக்கு 20 லீற்றர் அளவுதான், மாசத்துக்கு ஒரு யுனிட் கூட வராது. அதையும் சரி பண்ணணும்தான், ஆனா பில்ல தின்னுறது சத்தம் போடாத லீக்தான்.

அப்பாகிட்ட சொல்லுங்க, செங்கல் வேணாம். கொஞ்ச நாள்ல கரைஞ்சு உதிர்ந்து அந்தத் தூள் ரப்பருக்கு அடில போய் உக்காரும், அப்புறம் அதுவே லீக். வேணும்னா ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்ல மணலும் தண்ணியும் போட்டு மூடி, மிதவைல படாம ஒரு மூலைல வைங்க.

மெல்பன்வாசி

உங்கட மச்சாள் சொன்னது சரி. ஆனா அதை அப்பிடியே கொழும்புக்குக் கொண்டு வந்தா வேலை செய்யாது, ஏன் எண்டு சொல்லுறன்.

இஞ்ச 1990களின்ர கடைசியில துவங்கின வரட்சி பத்து வருசத்துக்கு மேல இழுத்தது, 2009ல மெல்பன் அணைகளில தண்ணி கொள்ளளவின்ர கால்வாசிக்குக் கிட்ட இறங்கிட்டுது. அந்த நேரம் கண்டுக்குத் தண்ணி விட நேரம் குறிச்சவங்கள், கார் கழுவக் கட்டுப்பாடு, 2008 கடைசியில 'டார்கெட் 155' எண்டு ஒரு பிரசாரம், அதாவது ஒராளுக்கு ஒரு நாளைக்கு 155 லீற்றருக்குள்ள. ஷவர் மாத்திக் குடுத்ததும் அந்தக் காலத்துக் கதைதான், பழைய ஷவர் தலையைக் கழட்டிக் கொண்டுபோனா புதுசு தருவாங்கள். பழைய ஷவர் நிமிசத்துக்கு 15, 20 லீற்றர் கொட்டும், புதுசு 9 லீற்றருக்குள்ள. கடையில ஷவர், டெப், கொமட், வோஷிங் மெஷின் எல்லாத்திலயும் நட்சத்திர லேபிள் ஒட்டித்தான் விக்கோணும், அது 2005ல வந்த சட்டம். சும்மா 'வோட்டர் சேவிங்' எண்டு பெட்டியில அடிச்சு விக்கேலாது, நிமிசத்துக்கு எத்தினை லீற்றர் எண்டு நம்பரோட போடோணும். டூவல் ஃப்ளஷைப் பெரிசா பரப்பினதும் இந்த நாடுதான், 1980ல கரோமா கொம்பனியில ப்ரூஸ் தொம்சன் எண்டவர் செய்த டிசைன், முழு ஃப்ளஷ் 11 லீற்றர், அரை ஃப்ளஷ் அஞ்சரை. இப்ப அது நாலரைக்கும் மூண்டுக்கும் வந்திட்டுது.

ஆனா இஞ்ச ஷவருக்கு மெயின் லைன் ப்ரெஷர் நேர வருது, மூண்டு பார், நாலு பார் (பார் எண்டது ப்ரெஷர் அளவு). அதாலதான் தண்ணியைக் குறைச்சாலும் நல்லா அடிக்குது. உங்களுக்கு மேல் டாங்கியில இருந்து இறங்குற தண்ணி, பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் எண்டதுதான் கணக்கு. கீழ்வீட்டு ஷவருக்கும் டாங்கிக்கும் அஞ்சு மீற்றர் வித்தியாசம் எண்டு வைச்சா அரை பார், மேல்வீட்டுக்கு அதிலயும் பாதி வராது. மூண்டு பாரில 9 லீற்றர் விடுற ஷவர் அரை பாரில நாலு லீற்றர் கூட விடாது, தலை முழுகினா சவர்க்கார நுரை போகவே கனநேரம் செல்லும்.

வாங்க முதல் ஒரு வாளியும் ஃபோனில ஸ்டொப்வொட்சும் எடுங்கோ. இப்ப இருக்கிற ஷவரை முழுசாத் திறந்து 10 லீற்றர் வாளி நிறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாருங்கோ. ஒரு நிமிசத்துக்கு மேல எடுத்தா உங்கட பழைய ஷவரே எங்கட நட்சத்திர ஷவர் அளவுதான் விடுது, காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீங்கோ.

கொட்டாஞ்சேனையான்

எல்லாம் சரி அண்ணைமார். ஒரு கேள்வி கேக்கவா? கொழும்புக்கு வாற தண்ணியில பாதி ரோட்டுக்கு அடியிலயே போகுது எண்டு பேப்பர்ல போட்டவங்கள். வெள்ளைக்காரன் போட்ட பைப் இன்னும் மண்ணுக்குள்ள கிடக்கு. அதை விட்டுட்டு நாங்கள் வாளியும் ஸ்டொப்வொட்சும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள்ள நிக்கிறம் 😂 எங்கட போத்தல் சிஸ்டனுக்குள்ள வைச்சு ஆருக்கு என்ன லாபம்?

நீர்க்கணக்கு

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு முதல்ல. நீர் சொல்லுறது பொய் இல்லை, ஆனா பழைய நம்பர். நான் தண்ணித் துறையில வேலை செய்து பென்சன் எடுத்தவன், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன், நீளமா இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

கொழும்புக்குக் குழாய்த் தண்ணி வந்தது 1886ல, லபுகம நீர்த்தேக்கம் கட்டி முடிச்ச காலம். அப்ப பதிச்ச வார்ப்பிரும்புக் குழாய்கள் நூறு வருசத்துக்கு மேல மண்ணுக்குள்ள இருந்தது உண்மை. பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி நகரத்துக்குள்ள அனுப்புற தண்ணியில கிட்டத்தட்டப் பாதிக்குப் பில் வாறதில்லை. அதில குழாய் லீக்கும் இருக்கு, களவு இணைப்பும் இருக்கு, குறைவாக் காட்டுற பழைய மீற்றரும் இருக்கு, சேரித் தோட்டங்களில பொதுக் குழாய்களும் இருந்தது. அதால 'பாதி லீக்' எண்டு சொல்லுறது பிழை, 'பாதிக்குக் காசு வரேல்ல' எண்டதுதான் சரி. 2012ல ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில ஒரு பெரிய திட்டம் துவங்கி, பழைய குழாயைக் கழட்டிப் புதுசு போட்டு, நகரத்தைச் சின்னச் சின்ன வலயமாப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் ஒரு மீற்றர் வைக்கிற வேலை நடந்தது. அந்த வலய மீற்றரை விடியப்புறம் ரெண்டு மூண்டு மணிக்குப் பாக்கிறது, எல்லாரும் நித்திரை, ஆனாலும் தண்ணி ஓடிக்கொண்டிருந்தா அது லீக். பைப்பாஸ் தம்பி உங்கட வீட்டு மீற்றருக்குச் சொன்ன அதே வேலைதான், அளவுதான் பெரிசு. ரோட்டில லீக் கண்டா 1939க்கு அடிச்சுச் சொல்லுங்கோ, அது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர அவசர நம்பர்.

ஆருக்கு என்ன லாபம் எண்டு கேட்டீர். மாரி காலத்தில பெரிசா ஒண்டும் இல்லை எண்டே வைச்சுக்கொள்ளும், களனி கங்கை கரை தட்டி ஓடுது. ஆனா ஜனவரியில இருந்து மார்ச் மட்டும் வெயில் அடிச்சு ஆறு இறங்கினா அம்பத்தளைக்குக் கடல் உப்பு ஏறும். அங்கதான் கொழும்புக்குப் பெரும்பகுதித் தண்ணியைச் சுத்திகரிக்கிறது. உப்பை மறிக்க மணல் மூட்டை அடுக்கி அணை கட்டுறதை அம்பத்தளைப் பக்கம் இருந்த ஆக்களுக்குத் தெரியும். அந்த நாளில மேட்டு நிலத்தில இருக்கிறவனுக்குத்தான் முதல்ல தண்ணி நிக்கிறது. எங்கட பக்கம் மிச்சம் பிடிக்கிற தண்ணி அவனுக்குப் போகும்.

இப்ப கேள்வி கேட்ட தம்பிக்கு. ஒருத்தரும் உங்கட பெரிய பிரச்சினையைத் தொடேல்ல, அது ஒரே மீற்றரில ரெண்டு குடும்பம். கட்டணம் படிப்படியா ஏறுறது, முதல் அஞ்சு யுனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த அஞ்சுக்குக் கூடின விலை, இப்பிடியே போகும், அதோட மாதாந்தச் சேவைக் கட்டணமும் நீங்கள் எந்தப் படியில நிக்கிறீங்களோ அதுக்கேத்த மாதிரி ஏறும். கீழ 20, மேல 20 எண்டு தனித்தனி மீற்றரில ஓடினா ரெண்டு பேரும் நடுப்படியில நிப்பீங்கள். ஒரே மீற்றரில 40 எண்டு ஓடினா கடைசி இருபது யுனிட்டுக்கும் விலை கூடின படியில கட்டுறீங்கள். ரெண்டு குடும்பமும் அளவாப் பாவிச்சாலும் பில் ஊதாரி வீட்டுப் பில் போலத்தான் வரும். பூக்கண்டும் வோஷிங் மெஷினும் ரெண்டாம் பட்சம்.

அதால மேல்வீட்டுக்குத் தனி இணைப்பு எடுக்கேலுமோ எண்டு சபையின்ர ஏரியா ஒஃபிசில போய்க் கேளுங்கோ, வீட்டு இலக்கம், வரிப்பணத் துண்டு எல்லாம் கொண்டு போங்கோ. அது சரிவர நாள் எடுக்கும். அதுவரைக்கும் மேல்வீட்டுக்குப் போற லைன்ல ஒரு தனியார் மீற்றரை ஹாட்வெயார் கடையில வாங்கிப் பூட்டலாம், பில் குறையாது, ஆனா ஆர் எவ்வளவு எண்டு தெரியும், சண்டை குறையும். அந்த மீற்றரை டாங்கியில இருந்து இறங்குற லைன்ல பூட்டினா ப்ரெஷர் இன்னும் கொஞ்சம் விழும் எண்டதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

படி முறையில நல்ல பக்கமும் ஒண்டு இருக்கு. நீங்கள் மிச்சம் பிடிக்கிற யுனிட் எல்லாம் மேல் படியில இருந்துதான் கழியும், விலை கூடினதுதான் முதல்ல போகும். பத்து யுனிட் குறைச்சா பில்லில கால்வாசி இல்லை, அதைவிடக் கூடவே குறையும்.

மெல்பன்வாசி

அண்ணை சொன்ன படிக்கணக்கு முக்கியமான விசயம், எனக்கு அது யோசினையிலயே வரேல்ல, இஞ்ச ஃபிளட்டுக்கு ஃபிளட் மீற்றர்.

கொமட் கணக்கையும் போட்டு விடுறன். கீழ அஞ்சு பேர், ஒராள் நாளைக்கு அஞ்சு தரம் எண்டு வையுங்கோ, பழைய சிஸ்டன் 9 லீற்றர், அப்ப 225 லீற்றர், மாசத்துக்கு ஆறே முக்கால் யுனிட். டூவல் ஃப்ளஷில ஒரு தரம் முழுசு 6 லீற்றர், நாலு தரம் அரைவாசி 3 லீற்றர் எண்டா ஒராளுக்கு 18, அஞ்சு பேருக்கு 90 லீற்றர், மாசத்துக்கு ரெண்டே முக்காலுக்குக் கிட்ட. நாலு யுனிட் மிச்சம், அது கீழ்வீட்டுக்கு மட்டும். ஷவரால இந்தளவு வராது உங்கட வீட்டில.

மாளிகாவத்தை_நாநா

கொமட் முழு செட் வாங்க தேவல்ல தம்பி. சிஸ்டன் உள்ளுக்குப் போடுற டூவல் ஃப்ளஷ் வால்வ் தனியா ஈக்கிது, ரெண்டு பட்டன் உள்ளது, ஆமர் ஸ்ட்ரீட் பக்கம் போனா கிடைக்கும். பழைய சிஸ்டனைக் கழட்டிக் கொண்டு போக ஏலாட்டி உள்ளுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டு, அடி ஓட்டையின்ட அகலத்தையும் அளந்துக்கிட்டுப் போங்க, இல்லாட்டி ரெண்டாந்தரம் போக வேண்டி வரும். மூடில பட்டன் வைக்க ஓட்டை ஈக்கிதா, கைப்பிடி பக்கத்துலயா எண்டும் பாருங்க.

ஒண்டு மட்டும் கவனம். பழைய கொமட் 9 லீற்றருக்கு எண்டு செஞ்சது, அதுக்கு முழு ஃப்ளஷை 6 ஆகக் குறைச்சா சரியாப் போகாது, ரெண்டு தரம் அடிச்சா மிச்சம் எங்க? முழுசை அப்படியே விட்டுட்டு அரை ஃப்ளஷை மட்டும் குறைச்சு வைங்க, அதுலயே நல்ல மிச்சம் ஈக்கிது.

எங்கட பள்ளிவாசல்ல வுழூ எடுக்கிற (தொழுகைக்கு முந்திக் கை, முகம், கால் கழுவுற) இடத்துல எல்லாம் அமத்துற டெப் போட்டாங்க, அமத்தினா கொஞ்ச நேரம் வந்துட்டுத் தானா நிண்டுரும். ஆத்தங்கரையில நிண்டு வுழூ எடுத்தாலும் தண்ணிய விரயம் பண்ணாதீங்க எண்டு ஹதீஸ் ஈக்கிது, ஆனா ஜும்மாவுக்கு அவசரமா வாற ஆளுக்கு டெப்பை மூட மனசு வாறதில்ல. ஸ்பிரிங் மூடுது. ஆரம்பத்துல வயசாளிமார் கொஞ்சம் முணுமுணுத்தாங்க, ஒரு கையால அமத்திக்கிட்டு மத்தக் கையைக் கழுவ ஏலாது எண்டு, அதுக்கப்புறம் கொஞ்சம் கூட நேரம் வாற மாதிரி ஸ்பிரிங்கை மாத்தினாங்க, இப்ப ஒரு பேச்சும் இல்ல. வீட்டுக்கு இது தேவல்ல, ஆனா கடை, டியூஷன் கிளாஸ், கல்யாண மண்டபம் வச்சிருக்கிறவங்க யோசிங்க.

ராஜகிரிய_அக்கா

மழைத்தண்ணி பத்தி ஒருத்தரும் கதைக்கேல்லையே. கொழும்பில வருசத்துக்கு 2300 மில்லிமீற்றருக்கு மேல பெய்யுது, நூறு சதுர மீற்றர் கூரையில 25 மில்லிமீற்றர் மழை ஒண்டு அடிச்சா அங்க இங்க சிந்திறது போக 2000 லீற்றர் பிடிக்கலாம், ரெண்டு யுனிட். இலங்கையில இதுக்குக் கொள்கையே 2005ல வந்தது, 2009ல நகர அபிவிருத்தி அதிகாரசபை வர்த்தமானி போட்டுப் புதுக் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கினது, எத்தினை பேர் பிளானில மட்டும் கீறிக் காட்டிட்டு விட்டாங்கள் எண்டது வேற கதை. சென்னையில 2003லயே கட்டாயம், ஆனா அங்க நிலத்துக்குள்ள இறக்கிக் கிணத்து நீரைக் கூட்டத்தான் பாத்தவங்கள், இஞ்ச டாங்கியில பிடிச்சுப் பாவிக்கிறதுதான் நோக்கம்.

நாங்கள் பின்பக்கக் கூரைப் பீலியில இருந்து ஒரு ஆயிரம் லீற்றர் டாங்கிக்கு விட்டிருக்கிறம். கண்டு, வாசல் கழுவுறது, கார், எல்லாம் அதுதான். மழை துவங்கினவுடன வாற முதல் தண்ணியை வெளியில விட்டுடோணும், காக்கா எச்சமும் தூசியும் அதோட போகட்டும்.

ஆனா டெங்கு! அதை மறந்தீங்கள் எண்டா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து ஞாபகப்படுத்துவார். டாங்கி வாய், ஓவர்ஃப்ளோ வாய் ரெண்டுக்கும் நுளம்பு வலை கட்டுங்கோ, பீலியில இலை அடைச்சுத் தண்ணி தேங்க விடாதீங்கோ. திறந்த பீப்பாயில பிடிச்சு வைக்கிறதெண்டா பிடிக்காமலே விடுங்கோ. பில்லில மிச்சம் பிடிச்சு ஃபைனில கட்டுறதுக்கு என்ன தேவை.

வெள்ளவத்தையில ஒட்டி ஒட்டி வீடு, டாங்கி வைக்க இடம் இருக்குமோ தெரியாது. ஏசி இருந்தா அந்தப் பைப்பில வாற தண்ணியை ஒரு வாளியில பிடியுங்கோ, தரை துடைக்கப் போதும்.

கொட்டாஞ்சேனையான்

நீர்க்கணக்கு ஐயா, உப்புத் தண்ணிக் கதைக்குப் பிறகு நான் வாயை மூடுறன் 🙏 ஒரு மார்ச் மாசம் எங்கட அக்கா வீட்டுக்கு தண்ணி பவுசர் (லொறி) வந்தது ஞாபகம் இருக்கு.

ஏரியேட்டர் பத்தி ஒருத்தரும் தீர்ப்பு சொல்லேல்ல. வாங்கலாமா வேண்டாமா?

பைப்பாஸ்_தெஹிவளை

குசினி டிரெக்ட் லைனுக்கு வாங்குங்க, அங்க மெயின் ப்ரெஷர் வருது, நிமிஷத்துக்கு 12, 15 லீற்றர் கொட்டுற பைப் 6க்கு எறங்கும், பாத்திரம் கழுவ அது தாராளம், தண்ணி தெறிக்கவும் தெறிக்காது. டாங்கி லைன் பைப்புக்குப் போட்டீங்கன்னா தண்ணி நூல் மாதிரி வரும், அப்புறம் வீட்டு அம்மா கழட்டி வீசிருவாங்க. நான் எத்தனை வீட்டுல பாத்திருக்கேன்.

போட்டா அப்பப்ப கழட்டிக் கழுவணும். யாழ்ப்பாணத்துத் தண்ணி மாதிரி சுண்ணாம்பு பிடிக்காது இங்க, ஆனா ரோட்டு பைப்ல வேலை நடந்தா துருவும் மணலும் வந்து வலைல அடைக்கும். பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சா போதும்.

வாளி நெறைய வச்சிட்டு மற்ற வேலை பாக்கிற பழக்கத்துக்கு எந்த ஏரியேட்டரும் உதவாது, அதையும் சொல்லிடுறேன். 6 லீற்றரா குறைஞ்சாலும் வாளி நெறையத்தான் செய்யும், நேரம்தான் கூட.

வெள்ளவத்தை_கீழ்வீடு

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும் எண்டு எதிர்பாக்கேல்ல.

மீற்றர் டெஸ்ட் செய்தாச்சு. சம்ப், டாங்கி ரெண்டும் நிறைச்சு எல்லாம் மூடினாப்பிறகு மீற்றரில அந்த முக்கோணம் அசையேல்ல, அப்ப ரோட்டுப் பக்கமும் சம்ப்பும் சரி எண்டு எடுக்கலாம்தானே? கலர் டெஸ்டில கீழ கொமட் நல்லம், மேல்வீட்டுக் கொமட்டில கலர் வந்தது, அந்த அக்காவே கூப்பிட்டுக் காட்டினா. ரப்பர் மாத்த ஆள் சொல்லியிருக்கு. வாளி டெஸ்டில கீழ ஷவரே ஒரு நிமிசத்துக்கு மேல எடுத்தது, மேல இன்னும் மோசம், அதால ஷவர் வாங்கிற கதை முடிஞ்சுது. அரை ஃப்ளஷ் வால்வ் ரெண்டு வீட்டுக்கும் போடுறதா இருக்கிறம், தனி இணைப்புக்கு அப்பா வாற கிழமை ஒஃபிசுக்குப் போறார், துண்டுகள் தேடுறார்.

ஒரு சந்தேகம் மட்டும். மோட்டர் ஓடேக்க பின் கானுக்குள்ள (வடிகால்) தண்ணி போற சத்தம் கேக்கிறதா அம்மா சொல்லுறா, நான் போய்ப் பாத்தா ஒண்டும் தெரியேல்ல. மோட்டர் கையாலதான் போடுறது, ஓட்டோமெட்டிக் இல்லை.

பைப்பாஸ்_தெஹிவளை

அம்மா காது சரிதான். மோட்டரைப் போட்டுட்டு மறந்துடுறீங்க, டாங்கி நெறைஞ்சு ஓவர்ஃப்ளோ பைப் வழியா போகுது. பழைய வீடுகள்ல அந்தப் பைப்பை நேரா கானுக்குள்ள எறக்கி விட்டுருவாங்க, வெளில சொட்டு விழாது, யாருக்கும் தெரியாது. மோட்டர் நின்ன கையோட அதுவும் நின்னுரும், அதனாலதான் நீங்க போய்ப் பாக்கிறப்ப ஒண்ணுமில்ல. இது மீற்றர் டெஸ்ட்லயும் வராது, பென்சில் கோட்டுலயும் வராது, மோட்டரை நிப்பாட்டிட்டுத்தானே பாத்தீங்க.

ரெண்டு வேலை செய்யுங்க. மேல் டாங்கிக்கு ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு மோட்டரோட இணைங்க, வயரிங் தெரிஞ்ச ஆள வச்சு, தண்ணியும் கரண்டும் சேர்ற இடம். அப்புறம் அந்த ஓவர்ஃப்ளோ பைப்பை கானுக்குள்ள விடாம வெட்டி, குசினி ஜன்னலுக்கு வெளில விழுற மாதிரி திருப்புங்க, வாய்க்கு அந்த அக்கா சொன்ன நுளம்பு வலையும் கட்டிருங்க. ஸ்விட்ச் ஒரு நாள் பழுதானாலும் அடுப்படில நிக்கிற ஆளுக்கு ஒடனே தெரியும். அரை அங்குலப் பைப் போடாதீங்க, டாங்கிக்கு ஏறுற பைப்ப விட ஓவர்ஃப்ளோ பெரிசா இருக்கணும், இல்லன்னா மூடி வழியா சிலாப் மேல வழியும்.